வாயில் தீராத வலியும் உலோகச் சுவையும்: காரணத்தைப் படிப்படியாகத் தேடிக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

வாயில் வலியோ எரிச்சலோ வாரக்கணக்கில் நீடித்து, செம்புப் பாத்திரத்தில் வெகுநேரம் கிடந்த தண்ணீரைக் குடித்ததுபோன்ற சுவையும் நாக்கைவிட்டு அகலாமல் இருந்தால், களியக்காவிளைக்கு இந்தப்புறம் குழித்துறை, மார்த்தாண்டம் பகுதியிலும், அந்தப்புறம் பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதியிலும் வாழும் நம்மவர்கள் முதலில் சொல்வது 'உடம்புச் சூடு' என்பதுதான். அதற்கு அடுத்தது 'வயிற்றில் புண் இருக்கும்' என்பது. வீட்டில் மணத்தக்காளிக் கீரை சமைப்பார்கள், தேங்காய்ப்பாலை வாயில் நிறுத்திக் கொப்பளிக்கச் சொல்வார்கள், மருந்துக் கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் தடவுவதற்கு ஒரு களிம்பும் வாங்குவார்கள். இவற்றால் கெடுதல் ஏதுமில்லை. சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் தானாகவே ஆறிவிடும் என்பதால், எதைச் செய்தாலும் அது பலித்ததாகவே தோன்றும். அந்தக் கெடு தாண்டியும் ஆறாத வலிக்கு இதே கைவைத்தியத்தை மாதக்கணக்கில் நீட்டிக்கொண்டு போவதுதான் ஆபத்து.

வலியும் உலோகச் சுவையும் நோயின் பெயர்கள் அல்ல, அறிகுறிகள் மட்டுமே. அவை பல்லிலிருந்தும் ஈறிலிருந்தும் வரலாம், தினமும் விழுங்கும் மாத்திரையிலிருந்து வரலாம், இரத்தத்தில் உள்ள குறைபாட்டிலிருந்து வரலாம், எதுவும் கண்ணுக்குத் தெரியாதபடி நரம்பிலிருந்தும் வரலாம். ஆகவே எளிதாகப் பார்க்கக்கூடியதை முதலிலும், பரிசோதனை வேண்டியதை அடுத்தும், எல்லாவற்றையும் விலக்கிய பிறகே முடிவுசெய்யக்கூடியதைக் கடைசியிலும் வைத்துத் தேடுவதே சரியான முறை.

தேடத் தொடங்கும் முன்: ஒரு நாளும் காத்திருக்கக் கூடாதவை

தாடையோ நாக்கின் அடிப்பகுதியோ வீங்கி, காய்ச்சலுடன் எச்சில் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமம் ஏற்பட்டால், அது பல் வேரிலிருந்து கழுத்துக்குப் பரவிய சீழ்த்தொற்றாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு எனாலப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு உதடோ நாக்கோ திடீரென வீங்கினாலும் அப்படியே. முகத்தின் ஒரு பக்கம் கோணினால், வாயிலிருந்து தண்ணீர் வழிந்தால், பேச்சு குழறினால், அதைச் சுவைக் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். ஏற்றத்தில் நடக்கும்போதோ ரப்பர் தோட்டத்துச் சரிவில் ஏறும்போதோ கீழ்த்தாடையில் வலி தோன்றி, நின்றவுடன் தணிந்தால், அது பல்வலியாக இல்லாமல் இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கக்கூடும்; பல் மருத்துவரிடம் போவதற்கு முன் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம்.

முதல் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு சிறு நோட்டில் மூன்று செய்திகளை மட்டும் எழுதி வந்தால் போதும்: எந்த நேரத்தில் வலியும் சுவையும் அதிகம், எதைச் சாப்பிட்டால் கூடுகிறது அல்லது குறைகிறது, வாயின் எந்த இடத்தில் இருக்கிறது. மருத்துவர் கேட்கும்போது 'எப்போதும்தான் இருக்கிறது' என்று சொல்வதைவிட இந்தக் குறிப்பு பல மடங்கு பயன்படும்.

காலையில் எழுந்தவுடன் சுவை அதிகமாக இருந்து, பல் துலக்கியதும் ஒன்றிரண்டு மணி நேரம் மறைந்தால், ஈறிலிருந்து இரவில் கசியும் இரத்தத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இரத்தத்தில் இரும்பு இருப்பதால் அதன் சுவையே உலோகச் சுவைதான். தலையணை உறையில் இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இரவு தாமதமாகச் சாப்பிட்டு உடனே படுத்த நாட்களில் மட்டும் தொண்டையில் புளிப்பும் நாக்கில் உலோகச் சுவையும் சேர்ந்து வந்தால், இரைப்பை அமிலம் மேலேறி வருகிறது என்று கொள்ளலாம். காலையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் தொடங்கி, மாலைக்குள் நாக்கு நுனி கொதிப்பதுபோல் எரிந்து, ஏதாவது சாப்பிடும்போது மட்டும் தணிந்தால், அது நரம்பு சார்ந்த எரிச்சலின் வழக்கமான போக்கு. மரச்சீனிக் கிழங்கோடு காரமான மீன்கறி வாயில் பட்ட கணமே பொறுக்க முடியாமல் எரிகிறது, காரமில்லாத கஞ்சி குடித்தால் ஒன்றும் தெரிவதில்லை என்றால், வாயின் தோல் எங்கோ மெலிந்தோ மாறியோ இருக்கிறது என்று பொருள். அதை அடுத்த படியில் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாம் படி: கண்ணாடி முன் நின்று வாயைப் பாருங்கள்

பெரும்பாலானோர் செய்யாமல் விடுவது இந்தப் படியைத்தான். அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பகல் வெளிச்சம் விழும் ஜன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடியை வைத்து, கைபேசியின் டார்ச்சை ஏற்றிக்கொள்ளுங்கள். பல் செட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முதலில் இரண்டு உதடுகளையும் புரட்டி உட்புறத்தைப் பாருங்கள். பிறகு ஒரு விரலால் கன்னத்தை வெளிப்புறமாக இழுத்து, கடைவாய்ப் பல் வரை உள்ளே வெளிச்சம் படும்படி பாருங்கள். வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர்கள், தாம்பூலத்தை எந்தப் பக்கம் அடக்கி வைப்பார்களோ அந்தப் பக்கத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். அடுத்து நாக்கை நீட்டி, அதன் நுனியைச் சுத்தமான துணியால் பிடித்து, வலப்பக்கமும் இடப்பக்கமும் இழுத்து ஓரங்களைப் பாருங்கள். நாக்கின் மேற்பரப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கவலை தரும் புண்கள் அதிகமாக ஒளிந்திருப்பது ஓரங்களிலும் அடியிலும்தான். நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் ஒட்டி அடிப்பகுதியைப் பாருங்கள். கடைசியாகத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து அண்ணத்தைப் பாருங்கள்.

வெள்ளையாக ஏதேனும் படிந்திருந்தால் ஈரமான பஞ்சுத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். தயிர்த்திரள் போன்ற படலம் வழித்தெடுக்க வந்து, அடியில் சிவந்த தோல் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்தபின் வாய் கொப்பளிக்காதவர்களுக்கும், பல் செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கும், சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் இது எளிதில் வரும். வலி, எரிச்சல், சுவை மாற்றம் மூன்றையும் இது ஒருங்கே தரும். துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு வேறு வகை. இரு கன்னங்களிலும் பின்னல்போல வெள்ளைக் கோடுகள் ஓடி, காரம் பட்டால் எரிந்தால் லைக்கன் பிளானஸ் என்ற நோயாக இருக்கலாம். ஒரே இடத்தில் தடித்த வெள்ளைத் திட்டோ, வெல்வெட் துணி போன்ற சிவந்த திட்டோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். நாக்கின் மேல் வரைபடம்போல் இடம்மாறும் சிவந்த திட்டுகள் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் தீங்கற்றது.

பிறகு வாயை முழுவதும் திறந்து, உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு இடையில் செங்குத்தாக நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முன்பு திறந்த அளவு இப்போது திறக்கவில்லை, கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் கயிறுபோல் இழைகள் தட்டுப்படுகின்றன என்றால், அது பாக்கு மெல்லுவதால் வரும் வாய்த்தோல் இறுக்க நோயின் அடையாளம். இந்நோயின் தொடக்க அறிகுறியே காரம் பட்டால் வரும் எரிச்சல்தான். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. 'நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலையும் பாக்கும்தான்' என்று நம் ஊரில் பலர் நிம்மதியாகச் சொல்வதைக் கேட்கும்போது மனம் கனக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேர்த்த தாம்பூலத்தோடு, புகையிலை சேர்க்காத தாம்பூலத்தையும், தனியே பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

கண்ணால் பார்ப்பதற்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை உறுதிசெய்த ஆய்வு நமக்கு மிக அருகிலேயே நடந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஊர்மக்களின் வாயைக் கண்ணால் பரிசோதித்தனர். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம், பரிசோதனை நடந்த பகுதிகளில் 34 சதவீதம் குறைவாக இருந்தது. 1981இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் நடத்திய ஆய்வு இது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், உரிய நேரத்தில் பார்த்ததே இந்த உயிர்களைக் காத்தது.

ஆகவே இந்தப் படியின் விதி ஒன்றே: எந்தப் புண்ணாக இருந்தாலும், திட்டாக இருந்தாலும், கட்டியாக இருந்தாலும், இரண்டு வாரங்களைத் தாண்டி ஆறாமல் இருந்தால், மூன்றாவது வாரம் மருத்துவர் முன் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: மாத்திரைகளையெல்லாம் ஒரே மேசையில் பரப்புங்கள்

எல்லையில் வாழும் நமக்கு இந்தப் படியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சர்க்கரைக்கு தக்கலையிலோ ஆசாரிப்பள்ளத்திலோ மாத்திரை வாங்குவோம், இதயத்துக்கோ மூட்டுவலிக்கோ திருவனந்தபுரத்தில் காட்டுவோம், இடையில் வைத்தியசாலையிலிருந்து லேகியமும் செந்தூரமும் வரும். ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அட்டையில் வேறு வேறு கம்பெனிப் பெயர் இருக்கும், உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கும். ஆகவே சீட்டுகளை மட்டும் நம்பாமல், மாத்திரை அட்டைகளையே எடுத்து மேசையில் பரப்பி, பெரிய எழுத்தில் உள்ள விற்பனைப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

உலோகச் சுவைக்குப் பெயர்போனது மெட்ரோனிடசோல். வயிற்றுப்போக்குக்கும் பல் சீழுக்கும் இதைத் தாராளமாகக் கொடுப்பார்கள். மருந்து முடிந்த சில நாட்களில் சுவை பொதுவாகச் சரியாகிவிடும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், தொற்றுக்கான கிளாரித்ரோமைசின், மனநலத்துக்கான லித்தியம், இரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில், இரும்புச்சத்து மாத்திரை ஆகியவையும் இதைச் செய்யும். படர்தாமரைக்குச் சாப்பிடும் டெர்பினஃபின், சுவையையே சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை மழுங்கடிக்கக்கூடும். ஒவ்வாமை, சளி, மனச்சோர்வு, சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவற்றுக்கான பல மாத்திரைகள் உமிழ்நீரை வற்றச்செய்கின்றன. உமிழ்நீர் வற்றிய வாயில் எரிச்சலும் சொத்தையும் பூஞ்சையும் சுவைக்கேடும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மெட்ஃபார்மினைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொடங்கிய புதிதில் அது நேரடியாக உலோகச் சுவையைத் தரலாம். ஆண்டுக்கணக்கில் தொடரும்போது பி12 உயிர்ச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைத்து, அந்தக் குறைவு வழியாக நாக்கெரிச்சலையும் தரலாம். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் வகையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கும் இந்த இரண்டாவது வழி பொருந்தும். 'தினமும் மீன் சாப்பிடுகிறேனே, எனக்கு எப்படி பி12 குறையும்' என்ற கேள்விக்கு விடை இதுதான்.

மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரும் மெதோட்ரெக்சேட், பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. அதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டுவிட்டால், வாய் முழுதும் புண்ணாகி, எலும்பு மஜ்ஜையும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து வரும். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு வாய்ப்புண் வந்தால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

செந்தூரம், பற்பம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்துகளில் தரக்கட்டுப்பாடு இல்லாதவற்றால் ஈய, பாதரச நஞ்சேற்றம் நேர்ந்தது மருத்துவப் பதிவுகளில் உண்டு. உலோகச் சுவை, வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை ஆகியவை சேர்ந்து வந்தால், சாப்பிட்ட மருந்தை மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வைத்தியரைக் காட்டிக்கொடுப்பதாக எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

எந்த மாத்திரையைச் சந்தேகித்தாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிய மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வதே முறை.

நான்காம் படி: பல் மருத்துவரிடம்

உலோகச் சுவையும் வலியும் சேர்ந்தே வரும் நோய்களில் ஈறு நோய்தான் மிகச் சாதாரணமானது. பல் மருத்துவர் மெல்லிய கருவியால் ஈறின் ஓரத்தை அளந்து, இரத்தம் கசிகிறதா, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே பைபோல் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். இதில் கடுமையான ஒரு வகை உண்டு: பற்களுக்கு இடையே உள்ள ஈறு நுனிகள் துளைத்தெடுத்தாற்போல் அழுகி, தொட்டாலே இரத்தம் வந்து, கடும் வாய்நாற்றமும் உலோகச் சுவையும் பொறுக்க முடியாத வலியும் ஒரே நேரத்தில் வரும். புகைபிடிப்போர், சத்துக்குறைவு உள்ளவர்கள், தூக்கமும் நிம்மதியும் கெட்டிருப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் ஆகியோருக்கு இது வரும். இதற்கான சிகிச்சையில் மெட்ரோனிடசோலும் அடங்கும் என்பதால், ஈறு ஆறிவரும்போதும் சுவை சில நாட்கள் நீடித்தால் பயப்பட வேண்டாம்.

பல் வேரில் தேங்கிய சீழ் சிறு துளை வழியாகக் கசிந்தாலும் உப்பும் உலோகமும் கலந்த கெட்ட சுவை வரும்; அந்தத் துளை திறந்திருக்கும்வரை வலி குறைவாக இருப்பதால் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். கடித்துவிட்டு எடுக்கும் கணத்தில் சுரீரென்று வலித்தால் பல்லில் வெடிப்பு இருக்கலாம். பல் பிடுங்கிய 2 முதல் 4 நாட்களில் வலி குறையாமல் காது வரை ஏறினால், குழியில் உறைந்திருக்க வேண்டிய இரத்தக்கட்டி கரைந்து எலும்பு வெளிப்பட்டிருக்கலாம். வெள்ளி அடைத்த பல்லும் வேறு உலோகத் தொப்பி போட்ட பல்லும் ஒன்றையொன்று தொடும்போது உமிழ்நீர் வழியாகச் சிறு மின்னோட்டம் எழுந்து, கூச்சமும் உலோகச் சுவையும் தரலாம். பொதுவாக அது நாளடைவில் அடங்கும்.

ஐந்தாம் படி: இரத்தப் பரிசோதனை

வாயில் காரணம் தெரியாவிட்டால் கேட்க வேண்டியவை: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின். நாக்கு வழுவழுப்பாகி, சிவந்து, உதடுகள் சேரும் வாயோரங்கள் வெடித்திருந்தால் இரும்பு அல்லது பி12 குறைவை முதலில் சந்தேகிப்பார்கள். இரும்புக் குறைவோடு விழுங்கும்போது உணவு சிக்குவதாகவும் தோன்றினால் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருப்பதாலேயே இரும்பு போதும் என்று முடிவுகட்டக் கூடாது. சேமிப்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும், சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். சாப்பிட்ட கையோடு கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கும் நம் வழக்கம், உணவில் உள்ள இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது.

சிறுநீரகம் பழுதானால் உமிழ்நீரில் யூரியா கூடி, அது அமோனியாவாக மாறி, உலோகம் போன்ற சுவையையும் வாய்நாற்றத்தையும் தரும். நெடுநாள் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிரியாட்டினினைத் தவறவிடக் கூடாது. கருவுற்ற தொடக்க மாதங்களில் வரும் உலோகச் சுவை இயல்பானது.

ஆறாம் படி: எல்லாம் சரியாக இருந்தும் எரிகிறது என்றால்

வாயில் ஒன்றும் தெரியவில்லை, இரத்தமும் சரி, மாத்திரையும் காரணமில்லை. ஆனால் எரிச்சல் ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேலாக, தினமும், 3 மாதத்துக்கு மேல் இருக்கிறது. இதற்கு வாய் எரிச்சல் நோய் என்று பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மிகுதியாக வருகிறது. உலோகச் சுவையும் வாய் வறட்சியும் உடன் வருவது வழக்கம். சுவையையும் வலியையும் கடத்தும் நுண்நரம்புகளின் கோளாறே இதற்கு அடிப்படை என்று கருதப்படுகிறது. வீடுகளில் இந்தப் பெண்களிடம் 'எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது, உனக்கு மனப்பிரமை' என்று சொல்லிவிடுகிறார்கள். அது அநீதி. வலி உண்மையானது, கண்ணுக்குத் தெரியாததால் பொய்யாகிவிடாது. மருத்துவர் மேற்பார்வையில் குளோனசிபாம் மாத்திரையை வாயில் கரையவிட்டுத் துப்பும் முறையும், நரம்பு வலிக்கான மருந்துகளும், மனநல ஆலோசனையும் பலருக்குத் தணிவு தருகின்றன.

நாக்கின் ஒரு பக்கம் மட்டும் மரத்தோ எரிந்தோ இருந்தால், கடைவாய்ப் பல் பிடுங்கியபோது நரம்பு பட்டதா, காது அறுவைசிகிச்சை நடந்ததா என்று நினைவுகூருங்கள். நாக்கின் முன்பகுதிக்கான சுவை நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது. முகம் கழுவும்போதும் பல் துலக்கும்போதும் ஷாக் அடித்தாற்போல் சில விநாடிகள் வெட்டி மறையும் வலி, முக்கிளை நரம்பு வலி. இதைப் பல்வலி என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் பழுது தெரியாத பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன் நரம்பியல் மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

காரணம் தெரியும்வரை

வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளியுங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ், அதிகக் காரம், மிகச் சூடான சாயா ஆகியவற்றை நிறுத்துங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடி எதுவானாலும் இன்றே விடுங்கள். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் தொட்டுப் பல்லில் மட்டும் வைக்கலாம். ஈறிலும் புண்ணிலும் பட்டால் தோல் வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் ஓரத்தில் அடக்கி வைப்பதும் அதே கேட்டைச் செய்யும்.

மருத்துவரிடம் போகும்போது

நோட்டு, மாத்திரை அட்டைகள், பழைய எக்ஸ்ரே, இரண்டு மாநிலத்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். புண்ணின் படத்தைக் கைபேசியில் வாரம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் எடுத்து வைத்திருந்தால் வளர்ச்சி தெரியும். குழித்துறை, தக்கலை அரசு மருத்துவமனைகளில் தொடங்கலாம். அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ, திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ பரிந்துரைக் கடிதம் வாங்கிச் செல்லலாம். பயாப்ஸி எடுக்கச் சொன்னால் அஞ்ச வேண்டாம். மரக்கச்செய்துவிட்டு எடுக்கும் சிறு துணுக்குத்தான், 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. முடிவு எப்போது வரும், யாரிடம் வாங்க வேண்டும் என்று அன்றே கேட்டுத் தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அறிக்கையின் நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். சாதாரணம் என்று முடிவு வந்தும் புண் அப்படியே இருந்தால், அதே அறிக்கையோடு திரும்பப் போய் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள்.